மூன்றாவது டம்ளர்

என் மனைவியை நான் ஒரு ஸ்டாப்வாட்சை வைத்துக் கொல்லப் பார்த்தேன். கோபத்தில் தூக்கி எறியவில்லை. முறைப்படி, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே செய்தேன். அவள் பிழைத்துக்கொண்டாள். இதை எழுதும் இந்த நேரத்தில் சமையலறையில் கடுகு தாளிக்கிறாள். ரேடியோவைக் குறைக்கச் சொல்கிறாள். அதனால்தான் இதைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டும் சொல்ல முடிகிறது. அவள் பிழைத்ததில் என் பங்கு ஒன்றுமில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை ஆய்வு அதிகாரியாக இருந்தவன். வேலை ஆய்வு என்றால் வேறொன்றுமில்லை. வேலை செய்கிறவர் முதுகுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்று, அறுந்த இழையை ஒட்ட எத்தனை வினாடி, மூக்கைத் துடைக்க எத்தனை வினாடி என்று எழுதுவது. பிறகு ஒரு ஆள் எத்தனை மிஷின் பார்க்கலாம் என்று கணக்குப் போடுவது. நான் முரடன் இல்லை. கணக்கு முடிந்ததும் அந்த ஆளையே கூப்பிட்டு, "இன்னும் ஒரு மிஷின் சேத்துப் பாத்துக்குவியாப்பா?" என்று கேட்பேன். "பாத்துக்கறனுங்க" என்பார். 'தொழிலாளியின் முழுச் சம்மதத்துடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மில்லில் எனக்கு 'வாட்ச் ஐயா' என்று பெயர். அதை மரியாதைப் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதராஸ் பக்கமிருந்து புது மாதிரி காலரா ஒன்று கிளம்பியது. பல வருஷங்களாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய காலராவுக்கு இது தம்பி என்று பின்னால் டாக்டர் சொன்னார். அண்ணனைப் பார்த்துப் பழகிய உடம்புக்கும் தம்பியை அடையாளம் தெரியாதாம். எங்கள் ஊரிலும் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். வீட்டில் தண்ணீரைப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். கடிகாரம் பிடித்துப் பார்ப்பேன். ஆனால் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தூரத்து உறவினர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது மோர் கொடுத்தார்கள். ஒரு டம்ளர் குடித்தேன். இரண்டாவதுக்கு "போதுங்க" என்றேன், ஊற்றினார்கள். மூன்றாவதுக்கு டம்ளர் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். கையை நகர்த்திவிட்டு ஊற்றினார்கள். மோர்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அடுத்த நாள் விடிந்ததும் நான் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

காலரா எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயிற்றில் வலி கிடையாது. கஞ்சித் தண்ணீர் மாதிரி போகும், குழாயைத் திறந்துவிட்டது போல. மத்தியானத்துக்குள் நான் முக்கால் பங்கு வற்றிப்போனேன். கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. குரல் போய்விட்டது. கையின் மேல்தோலைக் கிள்ளித் தூக்கினால் தூக்கிய இடத்திலேயே கூடாரம் போல நின்றது. பழனியம்மாள், அதுதான் என் மனைவி, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு என்னைச் சுருட்டி உள்ளே வைத்தாள்.

ஆஸ்பத்திரிகள் நிரம்பிவிட்டதால் திருச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைக் காலரா வார்டாக மாற்றியிருந்தார்கள். வாசலில் போன முகூர்த்தத்து வாழைமரம் காய்ந்து நின்றது. 'நல்வரவு' என்ற பலகையின் கீழே, சந்தனம் தெளிக்கிற மேஜையில் ஒருவர் உட்கார்ந்து பெயர், வயது, எத்தனை தடவை போயிற்று என்று எழுதிக்கொண்டிருந்தார். மணமகன் அறையில் டாக்டர். மணமகள் அறையில் சலைன் பாட்டில்கள். சாம்பார் காய்ச்சும் அண்டாக்களில் தண்ணீர் கொதித்தது. பந்தி போடும் கூடத்தில் நாற்பது கட்டில்கள், ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். கட்டில் ஒவ்வொன்றின் நடுவிலும் ரெக்சின் விரிப்பில் வட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்குக் கீழே அளவுக்கோடு போட்ட வாளி. ஆள் படுத்தபடியே இருப்பார். போவது வாளியில் விழும். எத்தனை லிட்டர் போகிறதோ அத்தனை லிட்டர் உள்ளே கொடுக்க வேண்டும். இந்த நோய்க்கு வைத்தியம் அவ்வளவுதான். எனக்கு நினைவு மங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த வாளியைப் பார்த்து, இவ்வளவு சுத்தமான வரவு செலவு ஏற்பாட்டை எங்கள் மில்லிலேயே பார்த்ததில்லையே என்று தோன்றியது நினைவிருக்கிறது.

டாக்டர் ஷம்ஷாத் சின்ன வயசுப் பெண். கோட்டைமேட்டில் அவர் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. வார்டில் இருந்த அத்தனை எவர்சில்வர் டம்ளர்களும் அந்தக் கடையிலிருந்து இரவலாக வந்தவை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், இன்னொரு மணிக்கட்டையும் பார்த்தார், பிறகு பழனியம்மாளிடம், "நாடி எங்கியோ ஒளிஞ்சுட்டுதுங்கம்மா, கொண்டாந்துரலாம்" என்றார். இரண்டு கையிலும் ஊசி குத்தி இரண்டு பாட்டில்களை வேகமாக இறக்கினார்கள். ஆறு பாட்டில் ஏறியதும் நான் எழுந்து உட்கார்ந்து, காப்பி கிடைக்குமா என்று கேட்டேன். காலரா அப்படித்தான், சாகவும் சில மணி நேரம், பிழைக்கவும் சில மணி நேரம். நடுவில் தண்ணீர்தான் இருக்கிறது.

பாட்டில் ஏறிப் பிழைத்தவர்களுக்கும், அந்த அளவுக்குப் போகாதவர்களுக்கும் வாய்வழியாக உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் கரைப்பது. கண்ணீரை விட உப்பாக இருந்தால் தப்பாகக் கரைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதை டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடித்தால் பாட்டில் தேவையில்லை. பாட்டில்கள் குறைவு, நாடி போய் வருகிறவர்களுக்கு மட்டும் என்று டாக்டர் கண்டிப்பாக வைத்திருந்தார்.

என் பக்கத்துக் கட்டிலில் ஒல்லியாக ஒரு ஆள். நான் கண் திறந்ததும் படுத்தபடியே கும்பிட்டார்.

"வாட்ச் ஐயாவுங்களா? நானு ஆறுச்சாமிங்க. ரெண்டாம் நம்பர் ஷெட்டுல இருந்தனுங்க. ஐயாவுக்கு நெனப்பு இருக்காதுங்க."

நினைப்பு இல்லைதான். "இருக்கே, இருக்கே" என்றேன். அவரும் அதை நம்புவதாக நடந்துகொண்டார்.

முதல் ராத்திரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாற்பது வாளிகளின் சத்தத்தில் தூங்கினேன்.

இரண்டாம் நாள் காலை உடம்பு தேறியதும் எனக்குக் கை துறுதுறுத்தது. பழனியம்மாளிடம் வீட்டிலிருந்து வேட்டி, துண்டு, மூக்குக்கண்ணாடி, ஸ்டாப்வாட்ச் எடுத்து வரச் சொன்னேன். "ஏனுங்க, கட்டில்ல படுத்திருக்கறவிகளுக்கு எதுக்குங்க அது?" என்று கேட்டாள். எடுத்தும் வந்தாள். நாற்பது வருஷத்தில் நான் கேட்டு அவள் கொண்டுவராதது ஒன்றுமில்லை. அவள் கேட்டு நான் கொண்டுவந்தது என்ன என்று யோசித்தால், அவள் எதையும் கேட்டதே இல்லை. எனக்கு அது ரொம்ப வசதியான குணமாக இருந்தது.

காகிதம் கிடைக்கவில்லை. மண்டபத்து அலமாரியில் யாருடைய கல்யாணத்துக்கோ அடித்து மிஞ்சிய அழைப்பிதழ்கள் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன்.

கரைசல் கொடுக்க இரண்டு பெண்கள். ஒருத்தி சுறுசுறுப்பு. இன்னொருவர் மயிலாத்தாள், ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு. அவர் ஆஸ்பத்திரி ஆளே இல்லை. மண்டபத்தின் ஆள், பந்தியில் யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்கிறவர். மண்டபத்தை எடுத்துக்கொண்டபோது அண்டா, ஜமுக்காளம், நாற்காலி இவற்றோடு அவரும் வந்து சேர்ந்திருந்தார். அவர் ஒரு கட்டிலுக்கு எடுத்துக்கொண்ட நேரம் சராசரி பதினோரு நிமிடம். அதில் ஊற்றுவதற்கும் குடிப்பதற்கும் சேர்த்து ஐம்பது வினாடி. மீதியெல்லாம் பேச்சு. "எந்த ஊருங்க? சூலூருங்களா? சூலூர்ல யாரு ஊடுங்க?" என்று ஆரம்பித்து, அந்த ஆளுக்கும் தனக்கும் எங்கேயாவது ஒரு சம்பந்தத்தைத் தோண்டி எடுக்காமல் விடமாட்டார்.

கூப்பிட்டு விசாரித்தேன். "ஏம்மா, ஊத்தறதுக்கு அம்பது செகண்டு. மீதி நேரம் என்ன பண்றே?"

"பேசறனுங்க சார்."

"எதுக்கு?"

மயிலாத்தாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேசாம எப்படிங்க சார் ஒருத்தரைக் குடிங்கன்னு சொல்றது?"

'பேச்சு: தவிர்க்கக்கூடியது' என்று எழுதினேன்.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே மண்டபத்தைப் பேசி வைத்திருந்த ஒரு பெண்ணின் அப்பா தினமும் சாத்துக்குடிப் பையோடு வருவார். வாசற்படியிலேயே நின்று, "எல்லாருக்கும் தேவலைங்களா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே கண்ணால் கட்டில்களை எண்ணுவார். எண்ணிக்கை நேற்றைவிடக் கூடியிருந்தால் முகம் சுருங்கும். ஆனாலும் சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

அன்று சாயங்காலம் டாக்டர் எனக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். கட்டில் வேண்டும் என்றும் சொன்னார். ஆய்வு பாதியில் நிற்கிறதே என்று நான் கட்டிலை விட்டு இறங்கி, மண்டபத்து மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன். போத்தனூரில் ஒரு பள்ளிக்கூடத்திலும் வார்டு திறந்திருந்தார்கள். அதையும் அவரே பார்க்க வேண்டும். மறுநாள் மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் போன அரைமணியில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். நான் எழுந்து, நல்ல இங்கிலீஷில் என் அழைப்பிதழ்களை அவர் முன் விரித்தேன்.

என் திட்டம் இது. அரைமணிக்கு ஒரு தடவை ஒரே ஆள் குடத்தோடு வரிசையாக வருவார். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரே கேள்வி: "தண்ணி வேணுங்களா?" வேண்டும் என்றால் ஒரு டம்ளர். போதும் என்றால் கட்டிலில் தொங்கும் அட்டையில் 'போதும்' என்ற கட்டத்தில் ஒரு டிக். நாற்பது கட்டிலுக்கும் இருபத்திரண்டு நிமிடம். சுறுசுறுப்பான பெண் குடத்தைப் பிடிப்பாள். மயிலாத்தாளை டம்ளர் கழுவப் பின்கட்டுக்கு அனுப்பிவிடலாம். அதிகாரிக்கு என் இங்கிலீஷும் பிடித்திருந்தது, கணக்கும் பிடித்திருந்தது. மறுநாள் காலையிலிருந்து செய்து பார்க்கச் சொன்னார். மயிலாத்தாள் "சரிங்க" என்றார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குத் திட்டம் தொடங்கியது. கடிகாரம் மாதிரி ஓடியது. பத்து மணிக்குள் உப்பு சர்க்கரை பாக்கெட் செலவு பாதியாகக் குறைந்தது. அட்டைகள் முழுக்க 'போதும்', 'போதும்' என்று டிக். ஆறுச்சாமி அட்டையில் ஐந்து இருந்தது. நோய் இறங்குகிறது என்று வரைபடம் போட்டேன். கோடு அழகாகச் சரிந்தது.

அன்று காலை ஆறு மணிக்கே எனக்கு இட்லி கொண்டுவந்த பழனியம்மாள் அங்கேயே விழுந்திருந்தாள். என் துணியை அலசியவள் அவள்தான். அவளை வலப்பக்கம் பத்தொன்பதாம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கம்பவுண்டர் நாடி பார்த்து, "பாட்டில் வேண்டியதில்லீங்க, நல்லா இருக்குது. குடிச்சுட்டே இருந்தாச் சரியாயிரும்" என்றார். எனக்குப் பயமே இல்லை. பயப்பட என்ன இருக்கிறது? என் திட்டத்துக்குள்ளேயே வந்து படுத்திருக்கிறாள்.

முதல் சுற்றில் அவளிடம் கேட்டார்கள். "போதுங்க, அந்தம்மாவுக்குக் குடுங்க" என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் குடம் வைத்திருந்த பெண் வேறு வேலையாகப் போக, நானே போய்க் கேட்டேன்.

"தண்ணி வேணுமா?"

"வேண்டாங்க. நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

டிக் போட்டேன். என் கையால்தான் போட்டேன். அதன்பின் இன்னும் நாலு தடவை கேட்டேன். நாலு தடவை டிக். கடைசியில், "பரவாயில்லையே, சீக்கிரமாத் தேறிட்டே" என்று பாராட்டவும் செய்தேன். அவள் சிரித்தாள்.

அந்தக் காலையில் கம்பவுண்டர் மணமகள் அறைக்கும் கூடத்துக்குமாகப் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பாட்டில் செலவு என் தாளில் வேறு கட்டம். அதை நான் போடவில்லை.

பதினொன்றரை மணிக்குப் பின்கட்டிலிருந்து மயிலாத்தாள் வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்தின் நடுவில் நின்று, பந்தியில் இலைகளைப் பார்க்கிறவர் போல ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏனுங் சார், நாப்பது பேரு படுத்திருக்கறாங்க. காத்தால இருந்து கழுவறதுக்கு எனக்கு முப்பது டம்ளர் கூட வல்லீங்க. யாருமே குடிக்கலீங்களா?"

"எல்லாரும் போதும்னு சொல்லிட்டாங்கம்மா. பாரு, அட்டையில இருக்கு."

மயிலாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"போதும்னு சொன்னா உட்டுப்போடுவீங்களா? உங்க ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா இப்படித்தான் சோறு போடுவீங்களா சார்? போதுங்கன்னு ஒருக்காச் சொன்னதும் சட்டியத் தூக்கிட்டுப் போயிருவீங்களா?"

எனக்கு அவிநாசியில் கையால் மூடிய மோர் டம்ளர் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பதும், இரண்டாம் தடவை போதும் என்பதும், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வதும் நடக்கத் தெரிவதற்கு முன்பே கற்றுக்கொண்டவன். நாற்பது கோயமுத்தூர்க்காரர்களைக் கல்யாண மண்டபத்தில் படுக்க வைத்து, ஒரே ஒரு தடவை வேணுமா என்று கேட்டுவிட்டு, சொன்ன பதிலை அப்படியே எழுதியிருக்கிறேன்.

பத்தொன்பதாம் கட்டிலுக்கு ஓடினேன். அறுபத்தைந்து வயதில் அப்படி ஓட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பழனியம்மாளின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. கையைக் கிள்ளினேன். தோல் கூடாரம் போல நின்றது.

அந்த நேரத்தில்தான் டாக்டர் ஷம்ஷாத் வந்து இறங்கினார். கம்பவுண்டர் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக ஆறுச்சாமியிடம் கூட்டிப்போனார். ஆறுச்சாமிக்கு நாடி இல்லை. காலையிலிருந்து, பிழைத்துத் தேறி இருந்தவர்களிலேயே நாலு பேருக்கு மறுபடி பாட்டில் ஏற்றியிருந்தார்கள். மணமகள் அறையில் மிச்சம் இரண்டு பாட்டில். லாரி சாயங்காலம்தான் வரும்.

நான் டாக்டர் முன்னால் போய் நின்றேன். என் மனைவிக்கு ஒன்று என்று கேட்டேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அவர் பழனியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இவருக்கு ரெண்டும் வேணுங்க சார். நாடி இல்லை, முழுங்கவும் மாட்டாரு. உங்க ஊட்டம்மாவுக்கு நாடி இருக்குது, வாய் இருக்குது. குடிக்க வைங்க. குடிச்சாப் பொழைச்சுக்குவாங்க. குடிக்கலைன்னா..." அவர் பாட்டில்களோடு ஆறுச்சாமியிடம் போய்விட்டார்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு பழனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "குடி" என்றேன். ஒரு வாய் குடித்தாள். "போதுங்க" என்றாள், குரலே இல்லாமல். "குடிம்மா" என்றேன். தலையை ஆட்டினாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை அவமானத்தோடு எழுதுகிறேன். நாற்பது வருஷம் எனக்கு மூன்றாவது இட்லியையும் நாலாவது இட்லியையும் வற்புறுத்தி வைத்தவளை ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைக்க எனக்கு வார்த்தை இல்லை. எப்படி வற்புறுத்துவது என்று நான் பழகவே இல்லை.

மயிலாத்தாள் என்னைக் கையால் நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "அம்மணி, பொறந்த ஊரு எதுங்க?" என்று ஆரம்பித்தார். அந்தியூர். அந்தியூரில் எந்தப் பக்கம்? இரண்டு நிமிடத்தில், மயிலாத்தாளின் அண்ணி ஊரில் பழனியம்மாளின் சித்தப்பாவுக்கு ஒரு தோட்டம் இருந்தது தெரியவந்தது. "அப்படின்னா நீங்க எங்க ஊட்டு ஒறம்பரைங்க. எங்க மண்டபத்துக்கு வந்துட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிக்காமப் படுத்திருந்தா, அண்ணி என்னைய என்ன சொல்லுவாங்க? சொல்லுங்க." பழனியம்மாள் குடித்தாள். தாகத்தால் அல்ல, அந்த அம்மாள் மனசு நோகக் கூடாது என்று. "இது அண்ணிக்குங்க. இப்ப எனக்கு ஒண்ணு." இரண்டாவது. "போதுங்க" என்று கை டம்ளர் வாயை மூட வந்தது. மயிலாத்தாள் கையை நகர்த்திவிட்டு ஊற்றினார். மூன்றாவது டம்ளரும் உள்ளே போனதைப் பார்த்தேன். 

ஆனால் இன்னும் முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். மயிலாத்தாள் தலையைத் திருப்பினார். வாசற்படியில் சாத்துக்குடிப் பையோடு பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, அங்கியே நின்னுட்டு எண்ணாம உள்ள வாங்க. மக கல்யாணத்துக்கு வந்தவங்களை விசாரிக்கற மாதிரி விசாரிங்க."

மனிதர் பையை வைத்தார், துண்டை இடுப்பில் கட்டினார், குடத்தை வாங்கினார். பல மாதங்களாக அழைப்பிதழும் வெற்றிலைப் பாக்கும் தாம்பாளமுமாக ஊர் ஊராகப் போய் அழைத்துவிட்டு வந்த வாய் அது. ஒவ்வொரு கட்டிலிலும் குனிந்து கும்பிட்டு, "நீங்க இது குடிக்காட்டி எனக்கு நொம்ப வருத்தமுங்க" என்றார். ஒரு பெரியவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்தார். சுறுசுறுப்பான பெண் மறுவரிசையில் போனாள். டாக்டரே ஆறுச்சாமியின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, "எங்க அப்பா கடை டம்ளருங்க இது, காலியாக் குடுத்தாத்தான் எனக்கு மரியாதை" என்று ஒரு பாட்டியிடம் பேரம் பேசினார். நானும் ஒரு குடம் எடுத்தேன். மூன்று தடவை கேட்டேன். சிலரிடம் நாலு தடவை. அரைமணி நேரத்தில் கூடம் முழுக்க "போதுங்க", "அட, இதென்னுங்க, இன்னொண்ணு" என்று இரைச்சல். வெளியிலிருந்து கேட்டவர்கள் உள்ளே பந்தி நடக்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

நாலு மணிக்குப் பழனியம்மாள் தலையைச் சாய்த்து மயிலாத்தாள் காதில் ஏதோ சொன்னாள். மயிலாத்தாள் எழுந்து, கல்யாணத்தில் தாலி கட்டியாகிவிட்டது என்று அறிவிப்பதைப் போல, "டாக்டரம்மா, ஒண்ணுக்குப் போயிட்டாங்க" என்றார். உடம்பில் தண்ணீர் போதுமான அளவு சேர்ந்துவிட்டது, சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். டாக்டர் கைதட்டினார். பெண்ணின் அப்பா கும்பிட்டார். பழனியம்மாள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். ஒருத்தி சிறுநீர் கழித்ததற்கு இவ்வளவு பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஆறுச்சாமியும் அந்த நேரத்துக்குள் கண் திறந்து, என்னைப் பார்த்து, படுத்தபடியே கும்பிட்டிருந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழைப்பிதழ்களை அவர் முன் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, கோபப்படாமல், கட்டம் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார். ஸ்டாப்வாட்சை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன், நாடி பார்க்க ஆகட்டும் என்று. மயிலாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டபோது, "அதெல்லாம் என்னத்துக்குங்க, ஒரு டம்ளர் குடிங்க" என்றார். குடித்தேன்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது பழனியம்மாளிடமும் சொன்னேன்: ஏழு டிக், அதில் ஐந்து என் கையால். ஏன் வேண்டும் என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கையில அட்டையோட நின்னு கேக்கறீங்க. நானு எப்படிங்க வேணும்னு சொல்றது?" என்றாள்.

இப்போது சாப்பாட்டு வேளையில் நான் மூன்று தடவை கேட்கிறேன். அவள் உண்மையாகவே போதும் என்கிறாளா என்று எனக்குத் தெரிவதில்லை, ஊற்றிவிடுகிறேன். ஆறு கிலோ கூடிவிட்டாள். குறைக்கச் சொல்லி வேறு டாக்டர் ஒருவர் திட்டுகிறார்.

ஒரு காரியம் பாக்கி இருந்தது. ஆட்டோவில் அவள் சொன்ன பதில் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. முப்பத்தோரு வருஷம் கையில் அட்டையோடு நின்று நான் கேட்ட கேள்விகள் எத்தனை, 'முழுச் சம்மதத்துடன்' என்று எழுதியவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒண்டிப்புதூர்ப் பக்கம் விசாரித்துக்கொண்டு ஆறுச்சாமி வீட்டுக்குப் போனேன். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பதறிப்போய் நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்.

"ஏனுங்க ஆறுச்சாமி, ரெண்டாம் ஷெட்டுல உங்களுக்கு ஒரு மிஷின் சேத்துக் குடுத்தனுங்களே, சிரமமா இருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா."

டீயைக் குடித்தேன். எருமைகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். மறுபடி கேட்டேன்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க, மேல சொன்னதைச் செஞ்சீங்க" என்று இரண்டாவது டீயை ஊற்றினார்.

அதையும் குடித்தேன். அவருடைய ஊர், பெண் கொடுத்த ஊர், எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவர், எல்லாம் பேசினோம். மயிலாத்தாளாக இருந்தால் எட்டு நிமிடத்தில் முடித்திருப்பார். எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு மூன்றாவது தடவை கேட்டேன்.

ஆறுச்சாமி எழுந்து போய் எருமைக்கு ஒரு கை வைக்கோல் போட்டார்.

"நொம்ப சிரமமுங்க ஐயா" என்றார். "ஊட்டுக்கு வந்து கையைத் தூக்கிச் சோறு திங்க முடியாதுங்க. ஊட்டுக்காரிதான் ஊட்டி உடுவா. ஆறு வருசமுங்க."

நான் தலையை ஆட்டினேன்.  அவர் மூன்றாவது டீயை ஊற்றினார். நான் போதும் என்று சொல்லவில்லை.